திடலும் தகுதியும்

‘தகுதி’ என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் சமுதாயத்தில் இல்லை. பள்ளியில் உதவித்தொகை பெறும்போதும், கல்லூரியில் இடம் கிடைக்கும்போதும், அரசு அலுவலில் அமரும்போதும், ‘இவர்களுக்குத் தகுதி இருந்ததா?’ என்னும் வினா நம் பின்னாலேயே வருகிறது. வினவுவோர் தகுதியைப் பிறவியிலேயே வந்த பொருளாகக் கருதுகின்றனர். அது எங்கே விளைகிறது, எத்தனை ஆண்டுகளில் விளைகிறது, நிலமும் நீரும் முதலில் யாருக்குக் கிடைத்தன என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வினாவுக்கு விடை தேடி நான் ஒரு விளையாட்டுத் திடலுக்குச் செல்ல விரும்புகிறேன். திடலில் வெற்றியையும் தோல்வியையும் மறைக்க இயலாது. ஆண்டுதோறும் எழுதி வைக்கப்பட்ட கணக்கு உண்டு. அவ்வாறு நெடுங்காலக் கணக்கு உள்ள அணிகளுள் தலையாயது, அமெரிக்க நாட்டின் வட கரோலினாப் பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணி. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாடு அது. கறுப்பின மக்களைச் சட்டத்தாலேயே ஒதுக்கி வைத்திருந்த மாநிலங்கள் பல கொண்ட நாடும் அதுவே. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புகளில் முதன்முதலாகக் கறுப்பின மாணவர் மூவர் சேர்ந்தது 1955ஆம் ஆண்டில்தான். அதுவும் நீதிமன்ற ஆணையின் பேரில். ஆகவே, கதவடைப்பும் கதவு திறப்பும் நமக்குப் போலவே அவ்வூருக்கும் பழகியவையே.

சட்டம் திறந்த கதவு

1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் பிரிவு, அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிலையமும் பால் வேற்றுமை காரணமாக ஒருவரை விலக்கலாகாது என விதித்தது. ஆங்கிலத்தில் அது வெறும் முப்பத்தேழு சொற்கள். விளையாட்டு என்னும் சொல்லே அதில் இல்லை. இச்சட்டத்திற்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர் பாட்சி மிங்க் என்னும் அம்மையார். ஜப்பானிய வழிவந்தவர், ஹவாய்த் தீவினர். மருத்துவம் பயில விரும்பி விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் அவரை ஏற்கவில்லை. அவர் சட்டம் பயின்று நாடாளுமன்றம் சென்றார். அவர் 2002ஆம் ஆண்டில் மறைந்த பின், அச்சட்டத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

சட்டம் வருமுன், 1971-72ஆம் கல்வியாண்டில், அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 2,94,000 பேர். இன்று அத்தொகை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெண்களின் உடற்கூறு இந்த ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது திடலின் வாயில்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானது நிகழ்ந்துள்ளது. சென்னை மாகாணத்தின் வகுப்புரிமை ஆணை செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தபோது, 1951ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. நம் பிள்ளைகள் கல்லூரியில் காலடி வைக்க அரணாக நின்றது அதுவே.

பயிற்சியாளரும் அணியும்

சட்டத்தின் விளையாட்டு விதிகளைக் கல்லூரிகள் நிறைவேற்ற 1978ஆம் ஆண்டு வரை தவணை தரப்பட்டிருந்தது. அக்காலத்தில் வட கரோலினாவில் கால்பந்தாடிய மாணவியர் தம் சங்க அணியைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்க வேண்டுமென்று கேட்டனர். 1979ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. பொறுப்பு ஆன்சன் டாரன்ஸ் என்னும் இளைஞரிடம் தரப்பட்டது. அவர் 1951ஆம் ஆண்டில் நம் பம்பாய் நகரில் பிறந்தவர். தந்தையின் அலுவல் காரணமாகப் பல நாடுகளில் வளர்ந்தவர். அப்பல்கலைக்கழகத்திலேயே பயின்று, 1977 முதல் அதன் ஆடவர் அணிக்குப் பயிற்சியளித்து வந்தார். கூடவே தொடங்கிய சட்டப் படிப்பைப் பந்தாட்டத்திற்காகவே கைவிட்டார்.

அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் கடியது. பயிற்சியில் நிகழும் ஒவ்வொரு போட்டியின் முடிவும் குறிக்கப்பட்டது. ஓட்டம், உதை, தலையால் முட்டல், ஒருவரோடொருவர் மோதி ஆடும் ஆட்டம் ஆகிய அனைத்துக்கும் மதிப்பெண் உண்டு. அவற்றின்படி ஆட்டக்காரர் வரிசை எழுதி ஒட்டப்பட்டது. இவ்வழக்கத்தை அவர் அதே பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் கற்றார். யார் மகள், எவ்வூரார், யாருக்கு வேண்டியவர் என்பவற்றுக்கு அவ்வேட்டில் கட்டம் இல்லை.

ஆட்டப்பருவங்களின் கணக்கு வியப்பூட்டுவது. 1981ஆம் ஆண்டில் கல்லூரி மகளிர்க்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் மத்திய புளோரிடாவை ஒரு கோலால் வென்று வாகை சூடினர். மறு ஆண்டு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் போட்டியைத் தொடங்கிற்று. 1982, 1983, 1984 ஆகிய மூன்றாண்டுகளும் அவர்களே வென்றனர். 1985 இறுதியாட்டத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம் தோற்றனர். பின்னர் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் வெற்றி. ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், கிறிஸ்டீன் லில்லி, மியா ஹாம் முதலியோர் அத்திடலில் உருவானவர்கள். 1991ஆம் ஆண்டில் சீனத்தில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் டாரன்ஸே பயிற்சியாளர். இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 எனத் தோற்கடித்தனர். இரு கோல்களையும் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ் மத்திய புளோரிடாவில் பயின்றவர் என்பதும் நினைக்கத் தக்கது.

கணக்கு கூறும் உண்மை

இங்கே இளைஞர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். 1982 முதல் 2000 வரை நடந்த 19 போட்டிகளில் வட கரோலினா வென்றவை 16. 2001 முதல் 2023 வரை நடந்த 23 போட்டிகளில் வென்றவை ஐந்தே: 2003, 2006, 2008, 2009, 2012. பயிற்சியாளர் அவரே, திடல் அதுவே, குறிப்பேடும் அதுவே. அனுபவமோ முன்னினும் மிகுதி. பின் வெற்றி குறைந்தது ஏன்?

1982ஆம் ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்ட அணிகள் 12. 2001 முதல் கலந்துகொள்பவை 64. முதல் நிலைக் கல்லூரிகளுள் மகளிர் கால்பந்து அணி உடையவை இன்று முந்நூறுக்கும் மேல். புளோரிடாப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில்தான் அணியைத் தொடங்கிற்று. நான்காம் பருவத்திலேயே, 1998 இறுதியாட்டத்தில், வட கரோலினாவை வென்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவ்வணியே இல்லை. அங்கு ஆடிய பெண்களின் திறமை மட்டும் இல்லாதிருந்ததா? திறமை இருந்தது, ஆடுவதற்கு இடம் இல்லை.

முதலில் வாயில் திறந்த இடத்தில் முதலில் வெற்றி விளைந்தது. வாயில்கள் பெருகியபோது வெற்றியும் பலரிடம் பரவியது. இதனால் டாரன்ஸின் உழைப்புக்கு இழுக்கில்லை. அக்காலத்தில் வேறு சில கல்லூரிகளிலும் அணிகள் இருந்தன. அவை இவ்வளவு வெல்லவில்லை. வாய்ப்பும் உழைப்பும் சேர்ந்தே தகுதி ஆகின்றன. தலைமுறை தலைமுறையாக வாய்ப்பைத் தமக்கே வைத்திருந்தவர்கள், விளைந்த பயனைப் பிறவிக் குணம் என்று கூறுவது மட்டும் பொருந்தாது.

2012ஆம் ஆண்டு வெற்றி அணியில் முதன்மையாக விளங்கியவர் கிறிஸ்டல் டன் என்னும் கறுப்பினப் பெண். அவ்வாண்டு கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த மகளிர்க்கு உரிய ஹெர்மன் விருதும் அவருக்கே கிடைத்தது. மூன்று கறுப்பின மாணவர்க்கு நீதிமன்றம் வாயில் திறந்துவிட்டு அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறைக்கலாகாத பக்கம்

புகழ்வாய்ந்தவர் வரலாற்றை எழுதும்போது கறையை மறைப்பது நமக்கு ஆகாது. 1998ஆம் ஆண்டில் முன்னாள் ஆட்டக்காரர் இருவர், பயிற்சியாளர் மாணவியரின் அந்தரங்க வாழ்வைப் பற்றித் தகாத முறையில் பேசினார் என்று வழக்குத் தொடுத்தனர். ஒரு வழக்கு 2004ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. மற்றொன்று விசாரணைக்கு உரியதே என 2007ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2008ஆம் ஆண்டில் இழப்பீட்டோடும் டாரன்ஸின் மன்னிப்புக் கடிதத்தோடும் அதுவும் முடிந்தது. அம்மாணவி தனக்குத் துணையாகக் கொண்டது அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். திடலைத் திறந்துவிட்ட சட்டமே, திடலுக்குள் பெண்ணின் மதிப்பையும் காத்தது. பயிற்சியாளர் எத்துணை வெற்றி ஈட்டினும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளிடம் வரம்பு மீற உரிமையில்லை. நம் பெண்களை விளையாட அனுப்பும்போது பெற்றோர் அஞ்சுவது இதற்கே. அவ்வச்சத்தைப் போக்கும் பொறுப்பு பயிற்சி தருவோரையே சாரும்.

டாரன்ஸ் 2024 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். அவர் காலத்து வாகைகள் மொத்தம் 22. அவருக்குப் பின் வந்த முதல் பருவத்திலேயே அவ்வணி மீண்டும் வென்றது. நிறுவனம் ஒருவரோடு முடிவதில்லை என்பதற்கு அது சான்று.

நம் நாட்டில்

இனி நம்மவரைக் காண்போம். இந்தியாவில் மாநிலங்களுக்கிடையிலான தேசிய மகளிர் கால்பந்துப் போட்டி 1991ஆம் ஆண்டில் தொடங்கியது. பெரும்பாலான ஆண்டுகளில் மணிப்பூரே வென்றது. மணிப்பூர்ப் பெண்களுக்கே கால்பந்து இயல்பு என்று பலரும் பேசினர். 2018 பிப்ரவரி 14 அன்று கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் அதே மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கொணர்ந்தனர். 2019ஆம் ஆண்டில் மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023ஆம் ஆண்டில் அமிருதசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் வாகை சூடிற்று.

இவ்வெற்றிகள் செல்வர் மாளிகைகளிலிருந்து வரவில்லை. இந்திய அணிக்கு ஆடிய சந்தியா ரங்கநாதன் கடலூர் மாவட்டத்தினர். அரசு விடுதியில் தங்கி வளர்ந்தவர். அதே மாவட்டத்து இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். தெற்காசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்தவர். விடுதியில் ஓர் இடமும், மாலையில் ஒரு திடலும், உடன் நிற்க ஒரு பயிற்சியாளரும் கிடைத்தால் என்ன விளையும் என்பதைக் கடலூர் காட்டிவிட்டது.

நம் தருமபுரி மாவட்டத்தில் அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் நம் பெண்பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். இளவயதுத் திருமணம் இன்னும் அவர்களைப் பள்ளியிலிருந்து பிடுங்கிச் செல்கிறது. ஊர்த்திடலில் ஆண்பிள்ளைகள் ஆட, அவர்கள் வாயிலில் நின்று பார்க்கின்றனர். ஊர் வேறு, காலனி வேறு என்றிருக்கும் இடங்களில் நம் ஆண்பிள்ளைகளே அத்திடலில் இறங்கத் தயங்குவதும் உண்டு. அரசு நிதியால் பேணப்படும் பொது இடம் எதிலும் சாதி காரணமாக, பால் காரணமாக எவரையும் தடுக்கலாகாது என அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. கிணறும் குளமும் சாலையும் அதில் சொல்லப்பட்டுள்ளன. பள்ளித் திடலும் பொது இடமே.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில், உங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் சென்று, வாரத்தில் இரு மாலைகள் பெண்பிள்ளைகளுக்குத் திடலைக் கேளுங்கள். அவர்களுடன் தாய்மாரில் ஒருவரேனும் இருக்கட்டும். ஒரு பந்து போதும். கூடவே ஒரு குறிப்பேடு வையுங்கள்; யார் வந்தார், எத்தனை சுற்று ஓடினார், எத்தனை முறை பந்தைத் தடுத்தார் என்று நாள்தோறும் எழுதுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து எவரேனும் வந்து தகுதியைப் பற்றி வினவினால், அவ்வேட்டை எடுத்து அவர்முன் வையுங்கள்.