மாற்ற இயலாத லென்ஸ் ஹூட்

கேமராவின் லென்ஸ் ஹூட் உடைந்தால் பெரிய இழப்பில்லை. புதியது வாங்கும்வரை கருப்பு அட்டையைச் சுருட்டி ஒட்டியும் சமாளிக்கலாம். பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸில் விழாமல் தடுப்பதே அதன் பணி. அதே பணிக்குரிய உறுப்பொன்று, எவரும் சென்று பழுதுபார்க்க இயலாத உயரத்தில் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இருக்கிறது.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து (அன்று நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம்) பி.எஸ்.எல்.வி.-சி30 அதனை ஏறத்தாழ 650 கி.மீ. உயரத்தில் நிலைநிறுத்தியது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவான புற ஊதாத் தொலைநோக்கி அதில் உள்ள கருவிகளுள் ஒன்று. 375 மி.மீ. விட்டமுள்ள முதன்மை ஆடியுடன் இரு குழல்கள். ஒவ்வொன்றின் முன்னும் உருளை வடிவத் தடுப்பு, அதன் வாயில் ஒரு கதவு.

புற ஊதா ஒளிக்கான ஆடியில் மெல்லிய கரிமப் படலம் படிந்தாலும் உணர்திறன் குன்றும். ஆகவே கலத்தின் பொருள்களிலிருந்து கசியும் ஆவிகள் அகலட்டும் என்று இரண்டு மாதங்கள் கதவுகள் மூடியே வைக்கப்பட்டன. நவம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின் அக்கதவுகளே வெயில் மறைப்பாயின. தனியாக ஒரு மறைப்பு விரியவேண்டிய தேவையே எழவில்லை. வடிவமைப்பின் நுட்பம் இதுவே. ஆனால் அந்நிழலுக்கும் எல்லையுண்டு: தொலைநோக்கி பார்க்கும் திசையிலிருந்து கதிரவன் 45 பாகைக்கு மேல் விலகியிருக்க வேண்டும்.

ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையை 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று நீக்கினர். ஆஸ்ட்ரோசாட்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 2018-இல் அதன் அண்மைப் புற ஊதாப் பிரிவு செயலிழந்தபோது, எஞ்சிய சேய்மைப் புற ஊதாப் பிரிவைக் கொண்டே ஆய்வுகள் தொடர்ந்தன.