சங்கிலியை அவிழ்த்த அறிவு
மூளையும் நரம்பு மண்டலமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



காவிரிப் பாலத்தின் மீது நின்று பார்த்தால் ஒருபுறம் மலைக்கோட்டையும் மறுபுறம் திருவரங்கத்து இராஜகோபுரமும் தெரிகின்றன. அந்த ஆற்றின் வடகரை வழியே மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் குணசீலம் என்னும் சிற்றூர் வருகிறது. மனநலம் குன்றியோரை அவர்தம் உறவினர் அழைத்து வந்து, அங்குள்ள பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரையை அடுத்த ஏர்வாடி தர்காவுக்கும் இத்தகையோரை அழைத்துச் செல்வது வழக்கம். செல்லும் இடம் வேறாயினும் அழைத்துச் செல்லும் தாயின் கண்ணீர் ஒன்றே. "என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்னும் கேள்வியும் ஒன்றே.

இந்தக் கேள்விக்கு மனிதகுலம் விடை தேடிய வரலாற்றையும், அந்த விடை நம் திருச்சி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த விதத்தையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

முன்னோர் கண்ட மூளை

வலிப்பு நோயைத் தெய்வக் குற்றம் என்று கிரேக்க மக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்று அந்த நம்பிக்கையை மறுத்தது. மற்ற நோய்களைப் போன்றே இதுவும் ஒரு நோய், இதன் இருப்பிடம் மூளை என்று அந்நூல் கூறிற்று.

இக்கருத்தை முறையான மருத்துவக் கல்வியாக வளர்த்த அறிஞர்களுள் இப்னு ஸீனா (980–1037) தலையாயவர். ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவருடைய 'அல் கானூன்' என்னும் மருத்துவப் பெருநூல், வலிப்பையும் மனச்சோர்வையும் நோய்களாகவே எடுத்துக்கொண்டு அவற்றுக்குரிய காரணங்களையும் சிகிச்சைகளையும் விவரிக்கிறது. இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் அந்நூல் பாடமாக இருந்தது. மூளையினுள் திரவம் நிறைந்த அறைகள் உள்ளன. முன்னறையில் கற்பனையும், நடுவறையில் சிந்தனையும், பின்னறையில் நினைவாற்றலும் தங்குகின்றன என்று அக்கால அறிஞர்கள் கருதினர். அறைகள் உண்மையில் உள்ளன. ஆனால் வேலை நடப்பது அறைகளில் அன்று, அவற்றைச் சூழ்ந்துள்ள மூளைத் திசுவில்தான் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டிற்று. எனினும் நினைவும் சிந்தனையும் ஓர் உறுப்பின் வேலைகள், அந்த உறுப்பு பழுதுபட்டால் அவையும் பழுதுபடும் என்னும் அடிப்படைப் பார்வை அவர்களிடம் இருந்தது.

ஒளியியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னுல் ஹைத்தம், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளை விளக்கி எழுதினார். அவருடைய நூலுக்கு 1083-இல் எழுதப்பட்ட படி ஒன்று இஸ்தான்புல் நகரில் உள்ளது. பார்வை நரம்புகளைக் காட்டும் படங்களுள் இன்று எஞ்சியுள்ள மிகப் பழமையானவற்றில் ஒன்று அதில் இடம்பெற்றுள்ளது.

அறிவு வளர்ந்த இடத்தில் மருத்துவமனைகளும் எழுந்தன. கெய்ரோவில் 1284-இல் கட்டப்பட்ட மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. ஆயினும் வரலாற்றில் பெருமைக்குரியதை மட்டும் எடுத்துச் சொல்லி மற்றதை மறைத்தல் முறையன்று. 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரைக் கண்ட யூதப் பயணி துதேலா பெஞ்சமின், அங்கிருந்த மனநோயாளிகள் உணவும் சிகிச்சையும் பெற்றதோடு, தெளிவு பெறும்வரை இரும்புச் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டதையும் குறித்துள்ளார். மருத்துவமனை இருந்தது, மருத்துவர் இருந்தார், சங்கிலியும் இருந்தது. ஏனெனில் பொங்கியெழும் மூளையை அமைதிப்படுத்தும் மருந்து அன்று எவரிடமும் இல்லை.

மூளையின் அமைப்பு

மூளையை இன்னும் நுட்பமாக அறியும் ஆய்வுகள் 19-ஆம் நூற்றாண்டில் விரைவு பெற்றன. 1861-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பால் புரோக்கா, பேசும் திறனை இழந்திருந்த ஒருவர் இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். அதன் இடப்பக்க முன்பகுதி பழுதுபட்டிருந்தது. பேச்சுக்கென மூளையில் ஓரிடம் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. மூளை தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்பதை நுண்ணோக்கி வழியே நிலைநாட்டிய ஸ்பெயின் அறிஞர் கஹால், இத்தாலியின் கோல்ஜியுடன் சேர்ந்து 1906-இல் நோபல் பரிசு பெற்றார்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ளது. உடலெடையில் இது நூற்றில் இரண்டு பங்குதான். எனினும் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் தடைபட்டாலே மூளை பழுதுபடத் தொடங்குவதற்கு இதுவே காரணம். மண்டையோட்டுக்குள் மூன்று உறைகள் இதனைப் போர்த்தியுள்ளன. சுற்றிலும் உள்ள தெளிந்த நீர்மம் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

மூளை மூன்று பெரும் பகுதிகளால் ஆனது. மேலே மடிப்பு மடிப்பாக உள்ளது பெருமூளை. அதன் நெற்றிப் பகுதி திட்டமிடுதலையும் தன்னடக்கத்தையும், உச்சிப் பகுதி தொடுவுணர்வையும், பொட்டுப் பகுதி கேள்வியையும் நினைவையும், பிடரிப் பகுதி பார்வையையும் முதன்மையாகக் கவனிக்கின்றன. பின்னால் கீழே உள்ள சிறுமூளை உடலின் சமநிலையையும் அசைவின் ஒழுங்கையும் காக்கிறது. தண்டு போன்ற மூளைத்தண்டு, நாம் உறங்கும்போதும் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிறது. வலப்பக்க உடலைப் பெரும்பாலும் இடப்பக்க மூளையும், இடப்பக்க உடலை வலப்பக்க மூளையும் இயக்குகின்றன. பக்கவாதத்தில் வலக்கை விழுந்தவருக்குப் பல வேளைகளில் பேச்சும் சேர்ந்து போவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் பிரிந்து உடலெங்கும் பரவுகின்றன. இவை நகரின் தந்திக் கம்பிகளைப் போன்றவை. சூடான பாத்திரத்தைத் தொட்ட விரல் சட்டென்று பின்வாங்குவதற்கு ஆணையிடுவது தண்டுவடமே. "சுடுகிறது" என்பதை மூளை சற்றுப் பின்னரே உணர்கிறது.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவினுள் செய்தி மின்னோட்டமாக ஓடுகிறது. அடுத்த அணுவுக்கு அது தாவும் இடத்தில் இரசாயனப் பொருள்கள் தூதுவர்களாக நின்று செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. அந்த மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்ந்தால் வலிப்பு வருகிறது. தூதுப் பொருள்களின் நிலை குலைந்தால் இல்லாத குரல் காதில் ஒலிக்கலாம். காரணமற்ற அச்சமோ அடங்காத சினமோ எழலாம். மனநோய்கள் அனைத்துக்கும் காரணம் இது ஒன்றே என்று மருத்துவம் கூறவில்லை. பரம்பரை, வாழ்க்கைத் துயரம், போதைப்பொருள் ஆகியனவும் சேர்கின்றன. ஆனால் அந்தக் குரலைக் கேட்பவர் நடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை என்பது உறுதி. அவருடைய மூளை அதனை உண்மையாகவே கேட்கிறது.

நம் நாட்டுக்கு வந்த சிகிச்சை

சென்னையில் 1794-இல் மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1871 முதல் அது கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வருகிறது. நோயாளியை ஊரிலிருந்து விலக்கி வைப்பதே அக்காலக் காப்பகங்களின் முதல் நோக்கமாக இருந்தது. இன்று மனநல மருத்துவக் கழகமாக விளங்கும் அந்நிறுவனத்திற்கு 1961 முதல் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்.

மூளை அறுவை சிகிச்சைக்கு இந்தியாவின் முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அதற்கு முன் தலையில் கட்டியோடு வந்த ஓர் ஏழைத் தமிழனுக்குத் தன் மாநிலத்தில் செல்லுவதற்கு இடமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பெரும் பயன் கண்டனர். டோபமைன் என்னும் தூதுப் பொருளின் செயலை அம்மருந்து மட்டுப்படுத்துகிறது என்பது பின்னர் விளங்கிற்று. பாக்தாத் மருத்துவரிடம் இல்லாதிருந்த மருந்து இதுவே. சங்கிலி செய்த வேலையை இனி ஒரு மாத்திரை செய்யும் என்னும் நிலை உண்டாயிற்று.

ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்பட்டதும் மருந்து கைக்கு எட்டியதும் ஒன்றல்ல. மனநல மருத்துவரைக் காண உள்ளூர் மக்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பயணம் செய்ய வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. தமிழகத்தில் அது முதன்முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம் நம் திருச்சிதான்; ஆண்டு 1997. தாலுகா மருத்துவமனைக்கே மனநல மருத்துவர் வந்து பார்ப்பதும், அங்கேயே மாத்திரை வழங்குவதும் இத்திட்டத்தின் நோக்கம். நம் ஊரின் பெருமைகளைப் பேசும்போது கல்லணையையும் மலைக்கோட்டையையும் சொல்கிறோம். இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஏர்வாடி தந்த பாடம்

திருச்சிக்கு வந்த மருத்துவர் அன்று ஏர்வாடிக்குப் போய்ச் சேரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன், ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் உயிரிழந்தனர். ஓட முடியாமல் இறந்த அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். குணமாகித் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையோடு கொண்டுவந்து விடப்பட்டவர்கள். தர்காவின் பெயரைச் சொல்லி வந்தவர்களுக்கு தர்காவின் நிழலிலேயே இது நேர்ந்தது என்பதால், நம் சமுதாயம் இதனைப் பிறர் கதையாகக் கடந்து செல்ல இயலாது.

உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உரிமம் பெறாத காப்பகங்கள் மூடப்பட்டன. மாவட்ட மனநலத் திட்டம் இராமநாதபுரத்திற்கும் சென்றது. பின்னாளில் மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்கும் திட்டம் ஏர்வாடியில் நடைமுறைக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. வீட்டின் பின்கட்டில் கட்டி வைப்பவருக்கும் இது பொருந்தும் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வழிபாட்டுத் தலங்களால் பயனே இல்லையா என்று சிலர் வினவலாம். தென்னிந்தியாவின் ஒரு முத்துசாமி கோயிலில் உறவினரோடு தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கு சங்கிலியோ அச்சுறுத்தலோ இல்லை. அமைதியான சூழலும் உடனிருந்த சொந்தமும் இருந்தன. அன்பும் அமைதியும் மூளைக்கு நன்மை செய்கின்றன. ஆனால் அவை மருந்துக்கு மாற்றாகா.

நம் கடமை

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அந்தப் பணிப்பில் மூளையின் நோய்க்கு விலக்கு இல்லை. ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும்; மாத்திரையை நிறுத்துமாறு மட்டும் எவரும் சொல்ல வேண்டாம்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலோ, வாயில் எதையேனும் செருகுவதாலோ பயனில்லை, தீங்கே உண்டு. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதேனும் வைத்தால் போதும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். முறையாக மாத்திரை உண்டால் வலிப்பு நோயாளிகளுள் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்து நிக்காஹ் முடித்து, கணவன் வீட்டில் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்துவது அவளுடைய உயிருக்கே ஆபத்தாகும்.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரென்று தோன்றினால் அது பக்கவாதம் எனக் கொள்க. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க நேரமில்லை. நோன்பு மாதத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்னரே கேட்டுத் தெளிக. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. மனத்துயரால் வாடுவோர் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் மஹல்லாவில் கதவு சாத்திய அறைக்குள் ஒருவர் இருந்தால், அந்தக் குடும்பத்தை இழிவாகப் பேசாமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை நிற்போம். சங்கிலியை அவிழ்க்கும் அறிவு உலகெங்கும் அலைந்து நம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை நம் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பாகும்.