பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்

"போனை அணைச்சு வச்சிடும்மா, அதுவா அடங்கிடும்." தன் கதை ஒன்று அச்சில் வந்த மறுவாரம் கைபேசியில் வந்து குவிந்த வசவுகளைப் படியெடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப்போன என் தங்கைக்குக் காவல் நிலையம் ஒன்றில் கிடைத்த பதில் இது. கூடப் போயிருந்த எனக்கு எங்க ஆயா சொல்லும் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. ஊர்த்தெருவில் வாங்கிய வசவைச் சொல்லி நியாயம் கேட்கப் போனால், "அந்தத் தெருவழியா ஏன் போற, சுத்திக்கிட்டுப் போயேன்" என்பார்களாம்.

தங்கை கொண்டுபோன தாள்களில் எல்லாம் இருந்தது. சாதிப் பெயர், அவளை என்ன செய்வார்கள் என்ற விவரம், எங்கள் தெருவின் பெயர். "பி.சி.ஆர். கேஸ் போடுங்க சார்" என்றேன். எழுத்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நாலு பேர் முன்னாடி பொது எடத்துல திட்டினாத்தான் அந்தக் கேசு. இது போனுக்குள்ள திட்டினதுதானே?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். வழக்குக்கு இன்றைக்கும் நம் சனங்கள் சொல்லும் 'பி.சி.ஆர்.' அதன் ஆங்கிலச் சுருக்கம்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் நிறைவேறி, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒரு தலித்தை அவமதிப்பது குற்றம் என்று சொன்ன அந்தச் சட்டம், கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது: 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்திலும்' அது நடந்திருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது தெரு, கிணற்றடி, டீக்கடை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்டில்தான். 2015 திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பு உட்படப் பல புதுக் குற்றங்கள் சேர்ந்தன; இந்தச் சொற்றொடர் மட்டும் அப்படியே நின்றது. பொது இடம் வேறு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் பிரித்துச் சொன்னது. வெளியாட்கள் யாரும் இல்லாத நாலு சுவருக்குள் திட்டினால் இந்தப் பிரிவு வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. சுவரே இல்லாத இடத்தில் திட்டினால் என்ன செய்வது? பதில் வரும்வரை நம் எழுத்தாளர்கள் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. எழுதினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

2012 ஏப்ரலில் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள். அதைப் பற்றியும் அதையொட்டி நடந்த மோதலைப் பற்றியும் கவிஞர் மீனா கந்தசாமி ட்விட்டரில் எழுதினார். கூட்டு வன்புணர்ச்சி செய்வோம், ஆசிட் ஊற்றுவோம் என்று மிரட்டல்கள் வந்து விழுந்தன. ஊடகப் பெண்களின் அமைப்பு கண்டனம் தெரிவித்தது. 'வெறும் வார்த்தைதானே' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கீழ்வெண்மணியிலும் முதலில் வார்த்தைதான் வந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் உத்திரப்பிரதேசம் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதி கைதானார். பேஸ்புக்கில் மாநில அரசை விமர்சித்து எழுதியது குற்றம். மிரட்டுகிறவன் மேல் பாயாத சட்டம் எழுதுகிறவன் மேல் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் இந்தச் சங்கதிதான். தொல்லைப்படுத்தும் செய்திகளைத் தடுக்க என்று சொல்லிக் கொண்டுவந்து, கார்ட்டூன் போட்டவர்களையும் கருத்துச் சொன்னவர்களையும் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே, கடுமையான புதுச் சட்டம் கொண்டுவா என்று தோழர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பேஸ்புக்கில் அறிவித்ததும் இலக்கிய உலகம் கொதித்தெழுந்தது. எழ வேண்டியதுதான். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்பும் கொடுத்தது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே, 2014இல், புதுக்கோட்டை மாவட்டம் குளந்திரான்பட்டைச் சேர்ந்த துரை குணா 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதியதற்காகக் குடும்பத்தோடு ஊரால் ஒதுக்கப்பட்டார். 2016 ஜூனில் கொலைமுயற்சி வழக்கு என்று சொல்லிக் கைதும் செய்யப்பட்டார். அவருக்காக எத்தனை அரங்குக் கூட்டம் நடந்தது, எத்தனை ஆங்கிலப் பத்திரிகை தலையங்கம் எழுதியது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கருத்துரிமைக்கும் இங்கே ஊரும் சேரியும் உண்டு.

கர்நாடகத்தில் தாவணகெரே மாணவர் விடுதியில் இருந்த ஹுச்சங்கி பிரசாத், சாதியை எதிர்த்துப் புத்தகம் எழுதிய தலித் இளைஞர். 2015 அக்டோபரில், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வெளியே கூட்டிப்போய் அடித்தார்கள். முகத்தில் குங்குமம் பூசினார்கள். இனி எழுதாதபடி விரலை வெட்டுவோம் என்றார்கள். யார் எழுதலாம் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

எழுத்தர் கேட்ட கேள்விக்கு நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. பேஸ்புக்கில் எழுதுவதும் இந்தப் பிரிவுக்குள் வரலாம் என்று 2017 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. எந்தத் தனி நபரையும் குறித்து எழுதியதில்லை என்று அந்த வழக்கை மட்டும் ரத்து செய்துவிட்டது. யூடியூபில் ஒரு பழங்குடிப் பெண்ணை இழிவாகப் பேசியவர் முன்ஜாமீன் கேட்டு 2022இல் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அந்தப் பெண் எதிரில் இல்லையே, எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதம். இணையத்தில் ஏற்றிய பேச்சைப் பாதிக்கப்பட்டவர் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அது அவர் முன்னிலையில் நடந்ததாகவே ஆகும் என்று சொல்லி நீதிமன்றம் முன்ஜாமீனை மறுத்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகத் திட்டு விழுகிறது என்பது பட்டவர்களுக்கு முன்பே தெரியும்.

இந்த இரண்டு தீர்ப்பையும் குறிப்பிட்டு மறுபடி மனு எழுதினோம். தங்கை ஆத்திரத்தில் பாதியை அழித்திருந்தாள். "அசிங்கமா இருந்துச்சுண்ணே, வீட்ல யாராவது பாத்துடுவாங்கன்னு அழிச்சிட்டேன்" என்றாள். தோழர்களே, அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவரின் கணக்கு முகவரி தெரியும்படி படம்பிடித்து வையுங்கள். 2024 ஜூலை முதல் சாட்சியச் சட்டம் புதிது. மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இப்போது 63ஆவது பிரிவில் இருக்கிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால், 1995ஆம் வருஷ விதிகளின் 5ஆவது விதிப்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு 4ஆவது பிரிவு இருக்கிறது. அதை மனுவில் ஒரு வரி எழுதிவிட்டால் பேச்சு கொஞ்சம் மரியாதையாக மாறுகிறது.

எங்கள் மனுவுக்கு இதுவரை கிடைத்திருப்பது ஒரு ரசீது. முதல் தகவல் அறிக்கை போடவில்லை. கண்காணிப்பாளருக்குத் தபால் போயிருக்கிறது. போனை அவள் அணைக்கவில்லை. ராத்திரியில் மட்டும் வாங்கி அம்மா தன் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்.