பணம் எந்தத் திசையில் போகிறது?

'உங்கள் மின்னஞ்சல் முகவரி சர்வதேசக் குலுக்கலில் தேர்வாகியுள்ளது. பல லட்சம் பவுண்டு பரிசு காத்திருக்கிறது' என்று தொடங்கும் மடல்கள் இணையம் பரவிய காலந்தொட்டு வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமலேயே அழித்துவிடுகின்றனர். ஆயினும் அனுப்புவோர் நிறுத்தவில்லை. வருவாய் இல்லாத தொழிலை எவரும் இத்தனை காலம் நடத்த மாட்டார்கள். எங்கோ சிலர் இன்னும் பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

தமிழகத்துக்குப் பரிசுச்சீட்டு புதிதன்று. 1968-இல் மாநில அரசே அதைத் தொடங்கியது. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் பல அதில் அழிந்ததைக் கண்ட பின்னர், 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆனால், சட்டம் கடையை மூடியதே தவிர, ஆசையை மூடவில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் ஐந்து பேர் கொண்ட குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உள்பட, உயிரிழந்தது. சட்டவிரோதமான மூன்று இலக்க லாட்டரியும் அதனால் ஏற்பட்ட கடனுமே காரணம் என்பது அவர் பதிவு செய்துவைத்த காணொலியால் தெரியவந்தது. அது மின்னஞ்சல் மோசடி அல்ல என்றாலும், கடனில் இருப்பவர் ஒரே பரிசில் மீண்டுவிடலாம் என்று நம்பும் அந்த மனநிலையைத்தான் மின்னஞ்சல் மோசடியும் தேடி வருகிறது.

மோசடி நடக்கும் விதம் எளியது. பரிசுத் தொகை கோடிக்கணக்கில் இருக்கும். முதலில் கேட்கும் கட்டணமோ சில ஆயிரங்களைத் தாண்டாது. அதைச் செலுத்தியதும் சுங்க வரி, அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம், பணமோசடித் தடுப்புச் சான்றிதழ் என்று அடுத்தடுத்து வரும். செலுத்தியது வீணாகிவிடுமே என்ற அச்சமே மேலும் செலுத்த வைக்கும். மின்னஞ்சலில் வந்தது இப்போது வாட்ஸ்ஆப்பிலும் வருகிறது. 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியின் பெயரால் 25 லட்சம் ரூபாய் பரிசு என்று வந்த குரல் பதிவுகளும் போலிச் சான்றிதழ்களும் நாடெங்கும் பலரை ஏமாற்றின.

இத்தகைய மடல்களைப் பிழை மலிந்த மொழியால் அடையாளம் காணலாம் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் இதை வேறு கோணத்தில் விளக்கினார். நம்ப முடியாத கதையைச் சொல்வதே ஒரு சல்லடை. ஐயப்படுவோர் தாமாக விலகிவிட, எளிதில் நம்புவோர் மட்டுமே பதில் எழுதுவார்கள். மோசடிக்காரரின் நேரம் மிச்சமாகும் என்பது அவர் வாதம். இன்றோ செயற்கை நுண்ணறிவின் துணையால் பிழையற்ற தமிழிலேயே இத்தகைய மடலை எழுதிவிட முடியும். ரிசர்வ் வங்கியின் முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் அச்சு அசலாக இருக்கும்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரங்கள் பாதுகாக்கப்படுகின்றன. வளையக் கோடுகளும் கணுக்களும் தெரிய, பார்வைக்கு அவை மரமே. தொட்டால்தான் கல் என்று தெரியும். மடலின் தோற்றமும் அப்படித்தான். அதைத் தொட்டுப் பார்க்க ஒரு கேள்வி போதும்: பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?

உண்மையான பரிசில் பணம் வென்றவரை நோக்கி மட்டுமே வரும். லாட்டரிப் பரிசுத் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. பணம் வழங்குபவரே அதைப் பிடித்தம் செய்துகொண்டு மீதியைத் தருவார். 'முதலில் வரியைக் கட்டுங்கள், பிறகு பரிசு' என்பவர் பொய் சொல்கிறார். வெளிநாட்டு லாட்டரியில் பங்கேற்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. இத்தகைய போலிச் சலுகைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளை எச்சரித்தது. அவ்வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைப்பதுமில்லை. பரிசுப் பணத்தைப் பிடித்து வைத்து விடுவிப்பதுமில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தின் பெயரிலும் போலிச் செயலிகள் உலவுகின்றன. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. இணைய விற்பனை கிடையாது. அசல் சீட்டை ஒப்படைத்தால்தான் பரிசு. வாங்காத சீட்டுக்கு உலகில் எங்கும் பரிசு விழுவதில்லை. அதுபோலவே, யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள்.

வேறு இரு அடையாளங்களும் உண்டு. ஒன்று அவசரம்: இன்றைக்குள் செலுத்தாவிட்டால் பரிசு ரத்து என்பார்கள். மற்றொன்று ரகசியம்: பாதுகாப்பு கருதி எவரிடமும் சொல்ல வேண்டாம் என்பார்கள். வீட்டில் ஒருவரிடம் சொன்னாலே கதை கலைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் கேட்காமல் ஆதார், பான் நகல்களை மட்டும் கேட்டாலும் தரலாகாது. அவற்றைக் கொண்டு வேறு மோசடிகள் நடக்கக்கூடும். தரகுத் தொகைக்கு ஆசைப்பட்டு நம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பதும் நம்மையே வழக்கில் சிக்கவைக்கும்.

பணம் செலுத்தி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் தகவல் சென்றால், வங்கிகள் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். மடல்கள், கைப்பேசி எண்கள், பரிவர்த்தனை எண்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். சில நாள்கள் கழித்து, 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று வேறொருவர் அழைத்துக் கட்டணம் கேட்கலாம். அதுவும் அதே மோசடியின் அடுத்த பகுதிதான்.

ஏமாந்தவரைப் 'பேராசைக்காரர்' என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் புகார் அளிப்பதில்லை. இழந்ததை யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டக் கடன் வாங்கி மேலும் இழக்கிறார்கள். மனம் தளர்ந்தவர்களுக்கு 104, 14416 ஆகிய உதவி எண்கள் உள்ளன. அவற்றுக்கும் முன்னதாக, 'நடந்ததைச் சொல், சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.