பாதியில் கால் எவ்வளவு? பின்னப் பெருக்கலும் திண்ணைப் பள்ளியும்

போன விடுமுறைக்கு அக்கராயனில் எங்களில் சிலர் பின்னேர வகுப்பு எடுத்தோம். பாடம் பின்னங்களைப் பெருக்குவது. தொகுதியைத் தொகுதியால் பெருக்கு, பகுதியைப் பகுதியால் பெருக்கு, சுருக்கு. அவ்வளவுதான். பிள்ளைகளும் பிழையில்லாமல் செய்தார்கள். 1/2 × 1/4 = 1/8. அப்போது ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்: "அண்ணை, பெருக்கினா கூடத்தானே வேணும்? இது ஏன் குறைஞ்சு போச்சு?"

எங்களிடம் மறுமொழி இல்லை. நாங்கள் சாதாரண தரத்தோடு கணக்கைக் கைகழுவிவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். விதி தெரியும், காரணம் தெரியாது. பேரனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அப்பம்மா ஒருவர்தான் மறுமொழி சொன்னா. "பாதியில காலெண்டா அரைக்கால்தானே மோனை. காலைவிட அது சின்னன்தானே."

அரைக்கால். அரை × கால். பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாளாந்தம் சொல்லுகிற சொல், ஆனால் ஒருநாளும் நாங்கள் அதைக் கணக்காகக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்குக் கீழே உள்ள எண்களுக்குக் கீழ்வாயிலக்கம் என்று பெயர். முக்கால், அரை, கால், அரைக்கால் வரைக்கும் இண்டைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே வீசம் அல்லது மாகாணி, 1/16. பிறகு மா, 1/20. மாவில் கால் பங்கு காணி, 1/80. காணியில் பாதி அரைக்காணி, 1/160. அதிலும் பாதி முந்திரி, 1/320. இந்த வரிசையில் பல படிகள் 'ஒன்றில் ஒன்று' என்று எடுத்தவைதான். மாகாணி மட்டும் வேறு விதம். மாவையும் காணியையும் கூட்டினால், 1/20 + 1/80 = 1/16. ஆக, ஒரு சொல் பெருக்கலைச் சொல்கிறது, இன்னொன்று கூட்டலைச் சொல்கிறது.

முந்திரிக்குக் கீழேயும் போகலாம். அதற்குப் புதுப்புதுப் பெயர் தேவையில்லை, 'கீழ்' என்ற ஒரு சொல் போதும். கீழ் என்றால் 1/320 ஆல் பெருக்கு. கீழ்முந்திரி என்றால் 1/320 × 1/320, அதாவது 1/102400.

முதலாம் இராசராசன் காலத்து (985–1014) நில அளவையைப் பற்றி எழுதிய பலரும் ஒரு எண்ணைக் காட்டி வியப்பார்கள். ஒரு வேலியில் 52,428,800,000 இல் ஒரு பங்கு நிலம் வரைக்கும் கணக்கு எழுதப்பட்டது என்பார்கள். வேலியை இன்றைய ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்று எடுத்தால் அது கிட்டத்தட்ட அரைச் சதுர மில்லிமீற்றர். ஒரு நெல்மணி விழுகிற இடத்தை விடச் சின்னது. எந்த அளவுகோலாலும் அதை வயலில் அளந்திருக்க ஏலாது. பிறகு எப்படி வந்தது? அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தோம். 320 ஐ நான்கு தரம் பெருக்கி, வந்ததை 5 ஆல் பெருக்கினால் சரியாக அதே எண். கீழ் என்ற சொல் நான்கு தரம், கடைசியில் நாலுமா (1/5). ஆகவே இது வயலில் பிறந்த எண் இல்லை, பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிக்கொண்டே போன கணக்கரின் ஓலையில் பிறந்த எண் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. நிலத்துக்கு இறை போட்டவர்களுக்கு அந்தப் பெருக்கல் தேவைப்பட்டிருக்கிறது.

இதைப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? திண்ணைப் பள்ளியில், மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி. எண்சுவடிதான் புத்தகம். முதலில் எண்களின் பெயர், பிறகு பின்னங்களின் பெயர், பிறகு வாய்ப்பாடுகள். முழு எண்ணை முழு எண்ணால் பெருக்குவது மட்டுமில்லை, பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதற்கும் வாய்ப்பாடு இருந்தது. நெல் அளப்பதற்கு நெல்லிலக்கம், நிலப்பரப்புக்குக் குழிமாத்து என்று தொழிலோடு சேர்ந்த வாய்ப்பாடுகளும் இருந்தன.

இந்த முறையில் முக்காலை முக்காலால் பெருக்கிப் பார்ப்போம். முக்கால் என்றால் அரையும் காலும். அரையில் அரை கால். அரையில் கால் அரைக்கால், அது இரண்டு தரம் வரும், சேர்ந்தால் இன்னொரு கால். காலில் கால் வீசம். எல்லாம் கூட்டினால் அரையே வீசம். எங்கட முறையில் 3/4 × 3/4 = 9/16. இரண்டும் ஒன்றுதான். ஆனால் 9/16 என்று எழுதின பிள்ளைக்கு அது பாதியைவிடக் கூடவா குறையவா என்று ஒருக்கா யோசிக்க வேணும். 'அரையே வீசம்' என்று சொன்ன பிள்ளைக்கு அது சொல்லிலேயே தெரியும்.

இது வெறும் மனப்பாடம் என்று 19ஆம் நூற்றாண்டின் கல்வி அதிகாரிகளும் மிசனரிமாரும் சொன்னார்கள். 'மணலில் எழுதுதல்' மட்டும் அவர்களுக்குப் பிடித்தது. சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கு எடுத்து, 1797 இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். மனப்பாடம் பற்றிய அந்தத் தீர்ப்பை இண்டைக்கு மறுத்து எழுதுபவர் வரலாற்றாளர் செந்தில் பாபு. திண்ணைப் பள்ளிகளில் நினைவு என்பது யோசிக்காமல் ஒப்புவிப்பது அல்ல, கணக்குச் செய்யும் வழியே அதுதான் என்பது அவருடைய வாதம். 2022 இல் வந்த அவருடைய ஆங்கில நூல், தென்னிந்தியாவில் கணக்கும் சமூகமும் எப்படிப் பின்னியிருந்தன என்பதைப் பேசுகிறது.

ஆனால் பழம்பெருமை பாடி முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. இரண்டு விசயங்களைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்று, கணக்குக்குள்ளேயே இருந்த குறை. 320 என்பது இரண்டுகளும் ஒரு ஐந்தும் சேர்ந்த எண். மூன்றால் பிரியாது. மூன்று சகோதரர் ஒரு ஏக்கரைப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி போக 2 முந்திரி மிஞ்சும். கீழ்முந்திரிக்குப் போனாலும் மிச்சம் வரும். கீழ்முந்திரியை 21 ஆக்கினால் வருகிற இம்மியில்தான் (1/2150400) மூன்றில் ஒன்று மிச்சமில்லாமல் வரும். 'இம்மியும் பிசகாமல்' என்று நாங்கள் சொல்வது அந்த இம்மிதான். தொகுதியைத் தொகுதியால், பகுதியைப் பகுதியால் பெருக்கும் விதிக்கோ இந்தச் சிக்கலே இல்லை, எந்தப் பின்னத்துக்கும் அது பொருந்தும். அதை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்றும் சொல்ல ஏலாது. 628 இல் பிரம்மகுப்தர் அதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்.

மற்றது, திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் வெளியில்தான். வயலில் கோல் பிடித்து அளந்தவருக்கும் களத்தில் நெல் அளந்தவருக்கும் கணக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஓலை கணக்குப்பிள்ளையின் கையில். குத்தகையில் உன் பங்கு இவ்வளவு என்று அவர் சொன்னால் அதுதான் பங்கு. பின்னப் பெருக்கல் தெரிந்திருப்பது ஒரு அதிகாரம்.

பிறகு இந்தச் சொற்கள் எப்படிப் போயின? இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா இருந்தது, ஒரு அணா ரூபாயில் ஒரு வீசம். 1957 வரைக்கும் அந்தக் கணக்குக் கடைத்தெருவில் உயிரோடு இருந்தது. இலங்கையிலோ 1872 இலேயே ரூபாய் 100 சதமாகிவிட்டது. 85 வருசம் முந்தியே எங்கட சந்தையில் வீசத்துக்கு வேலை குறைந்திருக்கும் என்பது எங்கட ஊகம். காணி என்ற சொல்லை மட்டும் நாங்கள் விடவில்லை. அது பின்னம் என்பது மறந்துபோய், வன்னியில் அது இண்டைக்கு நிலம், உறுதி, வழக்கு.

அடுத்த நாள் வகுப்பில் விதியை விட்டுவிட்டுக் குளத்தில் இருந்து தொடங்கினோம். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணி காணாது. கூட்டத்தில் 'ஏக்கருக்குக் கால்' என்று முடிவாகிறது. இரண்டரை ஏக்கர்க்காரர் எவ்வளவு விதைக்கலாம்? இரண்டில் கால் அரை, அரையில் கால் அரைக்கால், மொத்தம் அரையே அரைக்கால் ஏக்கர். அதில் பாதி தங்கச்சிக்கு. காலே வீசம். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில், வீசம் ஏக்கர் என்றால் ஒரு பரப்பு. தங்கச்சிக்கு 5 பரப்பு. பிறகு பலகையில் 5/2 × 1/4 × 1/2 = 5/16 என்று எழுதினோம்.

பெருக்கினால் ஏன் குறைந்தது என்று இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெடியன் மட்டும் வேறொன்று கேட்டான். "தண்ணி காணாட்டி எல்லாருக்கும் குறையும், சரி. ஏன் தங்கச்சிக்குப் பாதி மட்டும்? அவ்வுக்கும் ஒரு முழுப் பங்கு குடுத்தா என்ன?"

அது கணக்குப் பாடத்தில் இல்லாத கேள்வி. ஆனால் கணக்குத் தெரிந்த பிறகுதான் அவனுக்கு அதைக் கேட்க முடிந்தது.