நினைவு நாணயமும் பரிசில் வழக்கும்

நாணயமாவது கொள்வார்க்கும் விற்பார்க்கும் இடைநின்று வாணிகத்தை எளிதாக்குங் கருவி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், செலவழித்தற்கன்றிப் பரிசிலாக வழங்குதற்கென்றே நாணயத்தைத் தேடும் வழக்கமும் மிகப் பழையதொன்றாம். நம் சங்கத்துக் குடும்பங்களுள்ளும் மணவினைக்கும் பிறந்தநாளுக்கும் தேர்ச்சிப் பரிசுக்கும் நினைவு நாணயங்களை விலைக்கு வாங்கி வழங்குவோர் உளராதலின், அவ்வழக்கத்தின் வரலாற்றையும், அதன்கண் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்பதையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

உரோமாபுரிச் சக்கரவர்த்தியாகிய அகஸ்தஸ், விழாக்காலத்தில் ஆடையும் பொன்னும் வெள்ளியும் அளித்ததோடு, பண்டையரசர் நாணயங்களையும் அயல்நாட்டு நாணயங்களையும் அளிப்பதுண்டு என்று அவர் சரிதம் எழுதிய சுவெதோனியஸ் கூறுகின்றார். எனவே, அரிய நாணயத்தைப் பரிசளித்தல் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுடையது. மொகலாய மன்னரோ விழாக்களில் வாரியிறைத்தற்கென்றே 'நிசார்' என்னும் காசுகளை அடிப்பித்தனர். ஜஹாங்கீர் 1613-இல் ஆக்ராவில் அடிப்பித்த 1000 மொஹர்ப் பொன் நாணயம் ஏறக்குறைய 12 கிலோகிராம் எடையுள்ளது. அதனைக் கொண்டு எந்தக் கடையில் எந்தப் பண்டம் வாங்குவது? அது வாணிகத்திற்கன்று, பெருமைக்கு ஆக்கப்பட்டது. இங்கிலாந்திலும் பெரிய வியாழனன்று, அரசரின் வயது எத்தனையோ அத்தனைப் பெனி மதிப்புள்ள வெள்ளிக்காசுகளை முதியோர்க்கு வழங்குதல் இன்றும் நிகழ்கின்றது.

சுதந்திர இந்தியாவில் நினைவு நாணயம் 1964-இல், ஜவாஹர்லால் நேரு மறைந்த ஆண்டில், அவர் உருவத்தோடு தொடங்கிற்று. காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969-இல் வெளிவந்த 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடையும் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளியும் உடையது. 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாயிலோ வெள்ளி பாதியே. தமிழ்நாட்டுத் தொடர்புடையனவும் பல. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. காமராசர்க்கும் நூற்றாண்டு நாணயம் உண்டு. அண்ணாதுரையின் நூற்றாண்டு நாணயத்தில் அவர்தம் தமிழ்க் கையொப்பமே காணப்படும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவைக் குறிக்கும் 2010-ஆம் ஆண்டு 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு.

இனி, வாங்குவோர் கருதவேண்டுவன சில. நாணயத்தின்மேற் பொறித்த தொகை வேறு. அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு வேறு. பேழையிலிட்டு விற்கும் விலை வேறு. இம்மூன்றையும் ஒன்றென மயங்கி, நாளை பன்மடங்காகும் என்று வணிகர் சொல்லை நம்பிக் கடன்பட்டு வாங்குவோர், பின்னர் இடுக்கண் வந்து விற்கப் புகுங்கால் போட்ட முதலும் பெறாது வருந்துவர். மகளுக்குச் சீராகக் கொடுத்த பொருள் இவ்வாறாயின் அவ்வருத்தம் இருமடங்கன்றோ? மேலும், தனியார் அடித்த வில்லைகள் எத்துணை அழகியவாயினும் பதக்கமேயன்றி நாணயமாகா. பொன்முலாம் பூசியும் வண்ணந்தீட்டியும் விற்பனவற்றை ஆராய்ச்சியாளர் விரும்பார். ஆதலின் அரசாங்க நாணயசாலையிலேயே வாங்குதல் நன்று. வாங்கியதைப் புளியிட்டுத் துலக்குதலும் கூடாது. துலக்கின் அதன் இயற்கையொளி கெட்டு மதிப்புக் குன்றும்.

செல்வம் சேர்க்க வேண்டுவோர் அதற்குரிய வேறு வழிகளை நாடுக. நினைவு நாணயத்தின் பயன் நினைவே. பெருவிலைப் பேழையொன்றை வாளா கொடுப்பதினும், கைமாறித் தேய்ந்த வள்ளுவர் ஒற்றை ரூபாயைத் தேடியெடுத்து, அவர் யார், அது வெளிவந்த ஆண்டு யாது என்பவற்றைத் தம் கையாலெழுதி உடன் கொடுப்பது சாலச் சிறந்தது. அச்சிறு தாளைப் படிக்கும் பிள்ளைக்கே அந்நாணயம் உரியதாம். நம் சங்கத்தார் ஆண்டுவிழாப் பரிசில்களிலும் இம்முறையைக் கைக்கொள்வாராக.