பெட்டி போயிடுச்சு, பில்லு எங்கே?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து ஆளுங்ககிட்ட 'எக்ஸ்போர்ட்'னு சொன்னா எண்ணூர் விரைவுச் சாலையில வரிசை கட்டி நிக்கற கன்டெய்னர் லாரிதான் ஞாபகம் வரும். வெறும் பெட்டி துறைமுகத்துக்குள்ள போயிட முடியாது மக்களே. யார் அனுப்பறாங்க, என்ன சரக்கு, எந்த ஊருக்குன்னு ஷிப்பிங் பில் இருக்கணும்.

மென்பொருள்லயும் எக்ஸ்போர்ட் உண்டு. நிரலோட பழைய வடிவங்களையும், யார் எப்போ எதை மாத்தினாங்கங்கற கணக்கையும் சேர்த்து வெச்சிருக்கற கிடங்குக்கு ரெபாசிட்டரின்னு பேரு. 'எஸ்விஎன் எக்ஸ்போர்ட்', 'கிட் ஆர்க்கைவ்' ரெண்டும் அதுலேர்ந்து கோப்புகளை மட்டும் எடுத்துக் குடுக்கும். வரலாறு உள்ளேயே தங்கிடும். பெட்டி கிளம்பிடுச்சு, பில்லு இல்லை!

இன்னொரு வழி பேட்ச். மாறின வரிகளை மட்டும் அனுப்பறது. 1974ல யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்போட 'டிஃப்' வந்துச்சு. பெல் ஆய்வுக்கூடத்து டக்ளஸ் மெக்கில்ராய் எழுதினது. ரெண்டு கோப்புக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லும். அந்த வித்தியாசத்தை இன்னொருத்தர் கோப்புல தானாவே ஏத்தற 'பேட்ச்' நிரலை 1985ல லாரி வால் வெளியிட்டார். பின்னாடி பெர்ல் மொழியை உருவாக்கினாரே, அவரேதான். முழு மூட்டையையும் தூக்கி அனுப்ப வேண்டாம், பத்து வரி மெயில் போதும்னு ஆச்சு.

லினக்ஸ் கெர்னல் 1991லேர்ந்து 2002 வரைக்கும் இப்படித்தான் வளர்ந்துச்சு. மெயில்ல பேட்ச் வரும், லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்ப்பார், மொத்தமா கட்டி வெளியிடுவார். அப்புறம்தான் பிட்கீப்பர்னு ஒரு ரெபாசிட்டரி. 2003 மார்ச்சுல வந்தது வினை. யூனிக்ஸ் சம்பந்தமா ஐபிஎம் மேல எஸ்சிஓ நிறுவனம் கேஸ் போட்டுச்சு. லினக்ஸ்ல இருக்கற எந்த வரி யார்கிட்டேர்ந்து வந்துச்சுங்கற கேள்வி பெருசாச்சு. அதனாலதான் 2004ல ஒவ்வொரு பேட்சுலயும் 'சைன்ட் ஆஃப் பை'ன்னு பேர் போடற வழக்கம் வந்துச்சு.

2005 ஏப்ரல்ல லினஸே கிட் எழுதினார். எழுதினவர் பேரு தனி, கிடங்குல சேர்த்தவர் பேரு தனின்னு அது குறிச்சு வெக்கும். 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' போட்டா பேரு, தேதி, காரணம் எல்லாம் பேட்சோடவே கிளம்பும். இதுதான் பில்லோட போற சரக்கு. ஆனா ஒரு வேடிக்கை... கிட்ல கெர்னல் ஆரம்பிக்கறதே 2.6.12-ஆர்சி2லேர்ந்துதான். அதுக்கு முந்தின வரலாறை லினஸ் உள்ள கொண்டு வரலை :-)

இதுல தமிழுக்கு என்னய்யா இருக்குன்னு கேக்கறீங்களா? இருக்கு. கேடிஈ மேசைத்தளம் 3ஆம் பதிப்புக் காலத்துலயே தமிழ் பேசுச்சு. அப்போ ரெபாசிட்டரி சிவிஎஸ். அதுல ஒரே ஒரு பேருக்குத்தான் இடம், அது உள்ள ஏத்தினவர் பேரு. கணக்கு இல்லாதவங்க மொழிபெயர்ப்புக் கோப்பை மெயில்ல அனுப்புவாங்க, கணக்கு இருக்கறவர் ஏத்துவார். ராத்திரி கண்ணு முழிச்சு 'கோப்பு', 'தொகு'ன்னு ஒவ்வொரு சொல்லா யோசிச்சவர் பேரு பதிவேட்டுல வராது. கோப்போட தலைப்புல 'கடைசி மொழிபெயர்ப்பாளர்'னு ஒரு வரி உண்டு. அடுத்தவர் வந்தா அதுவும் மாறிடும்.

கேடிஈ 2005ல சப்வெர்ஷனுக்குப் போச்சு. பிற்பாடு நிரல் எல்லாம் கிட்டுக்கு மாறியும் மொழிபெயர்ப்பு மட்டும் சப்வெர்ஷன்லயே தங்கிடுச்சு. அங்கேயும் ஏத்தினவர் பேருதான்.

ஆனா ஒரு நல்ல மனுஷன் வழி வெச்சிருக்கார். கேடிஈ மொழிபெயர்ப்புக் கோப்புகள்ல 'உங்கள் பெயர்கள்'னு ஒரு வரி வரும். அதை மொழிபெயர்க்கக் கூடாது, அந்த இடத்துல மொழிபெயர்த்தவங்க பேரை எழுதணும். செயலியோட 'பற்றி' பெட்டியில அது தெரியும். எந்த எக்ஸ்போர்ட்லயும் உதிராது, ஏன்னா அது கோப்புக்குள்ளயே இருக்கு.

தமிழாக்கம் பண்ற நண்பர்களே, அந்த வரியைக் காலியா விடாதீங்க. உங்களுக்கு முன்னாடி இருக்கற பேரையும் தயவுசெஞ்சு அழிக்காதீங்க.